மச்சானுக்குக் கொடுக்காத மெஷின்

மார்ச் 2, திங்கள்

புயலில் முறிந்த கிளை இன்னும் பின்சுவரின் மேல் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அதை வெட்டத்தான் மரம் அறுக்கும் மெஷின் வாங்கினேன். இன்று முதன்முறையாகக் கிளப்பினேன். சத்தம் கேட்டதும் கை தானாக அணைத்துவிட்டது. கண்ணாடிக் கடையில் இருபது வருடமாக லென்ஸ் பொருத்துகிறவன் நான். இதுவரை நான் கையாண்ட பெரிய ஆயுதம் திருப்புளி.

சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி கேட்டாள், "என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல, ஓடுதான்னு பார்த்தேன்."

மெஷின் விற்ற கடையிலேயே சனிக்கிழமை பயிற்சி வகுப்பு நடக்கிறதாம், என்னைப் போல எப்போதாவது வெட்டுகிறவர்களுக்கு. பெயர் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 7, சனி

கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகை. மொத்தம் ஏழு பேர். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார், ஒரு தையற்காரரும். சொல்லிக்கொடுத்த அம்மா மின்கம்பிகளில் உரசும் மரங்களை வெட்டும் வேலையில் இருந்தவர். எடுத்த எடுப்பிலேயே, "பயப்படறவங்க யாரு?" என்றார். நான் கை தூக்கவில்லை. ஏன் தூக்கவில்லை?

சங்கிலி ஓடும் தகட்டின் நுனி, அதுவும் மேல்பக்கம், மரத்தில் பட்டால் மெஷின் முகத்துக்கு நேராக எகிறுமாம். கண் சிமிட்டும் நேரம்கூடக் கிடைக்காதாம். அதனால் இரண்டு கையும் மெஷினில்தான் இருக்க வேண்டும், தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. ஏணி கூடவே கூடாது. வெட்டிக்கொண்டிருப்பவரைப் பின்னாலிருந்து தொடவோ கூப்பிடவோ கூடாது. முன்பக்கமாகத் தள்ளி நின்று, அவர் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும்.

என் கிளையைப் பற்றிக் கேட்டேன். "தொங்குற கிளைக்குக் கயிறு கட்டத் தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்க. தரையில கிடக்கறது மட்டும்தான் உங்களுக்கு" என்றார்.

கடைசியில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். அதில் ஒரு வரி: பயிற்சி இல்லாதவருக்கு மெஷினை இரவல் தரமாட்டேன். தபால்காரர் கேட்டார், "சொந்தக்காரங்க கேட்டா?"

"சொந்தக்காரங்கதான் கேப்பாங்க. வேத்தாள் ஏன் கேக்கப் போறாங்க?"

எல்லோரும் சிரித்தோம்.

மார்ச் 8, ஞாயிறு

சிரித்தது போதும். மச்சான் வந்தார். என் மனைவியின் அண்ணன், லாரி ஓட்டுநர். இரும்பில் செய்தது எதுவானாலும் தனக்கு அத்துப்படி என்பது அவர் எண்ணம். அவர் மனையில் மூன்று மரங்கள் பட்டுப்போய் நிற்கின்றன.

"மாப்பிள்ளை, அடுத்த ஞாயித்துக்கிழமை அந்த மெஷினைக் குடுங்க. ஏணியைப் போட்டு மேலேர்ந்து கழிச்சிட்டு வந்துடறேன்."

ஏணி. ஒரு வகுப்புக்குப் போய் வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். முப்பது வருடம் மலைப்பாதையில் லாரி ஓட்டியவரிடம், நேற்று கற்றுக்கொண்ட நான் எப்படிச் சொல்வது? வாய் தானாக ஒரு பொய்யைச் சொன்னது.

"ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன் மச்சான்."

"புது மெஷினா?"

"அதான் பாருங்களேன்."

மார்ச் 9, திங்கள்

மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, போர்வையால் மூடி வைத்திருக்கிறேன்.

மார்ச் 10, செவ்வாய்

"ரூம்ல என்ன பெட்ரோல் வாசம்?" என்று கேட்டுக்கொண்டே மனைவி குனிந்து பார்த்துவிட்டாள். கையும் களவுமாக மாட்டினேன். தாளை எடுத்துக் காட்டினேன், கையெழுத்தைக் காட்டினேன். அவள் படிக்கவே இல்லை.

"எங்கண்ணனுக்கு ஒரு மெஷின் தர உங்களுக்கு மனசில்ல. அதுக்கு ஒரு காகிதம்."

அவருக்கு அடிபட்டுவிடும் என்ற பயத்தில்தான் என்றேன். அப்படியானால் அதை அவரிடமே சொல்ல வேண்டியதுதானே என்றாள். அண்ணனிடம் போட்டுக்கொடுக்க மாட்டாள், ஆனால் என்னிடம் பேசவும் மாட்டாள் போலிருக்கிறது.

மார்ச் 11, புதன்

நாளைக்குச் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் 12, வியாழன்

சொல்வதற்குள் நடந்துவிட்டது.

பதினொரு மணிக்குக் கடைக்குப் போன் வந்தது. மனைவி. "அண்ணன் வந்திருக்காரு. உங்க மெஷின் ரிப்பேர்ல இருக்காம், பின்சுவர் கிளை யார் தலையிலயாவது விழுந்துடுமாம், எங்கேயோ ஒரு பழைய மெஷினை வாங்கிட்டு வந்து ஏணி மேல ஏறிட்டாரு. நான் கத்தறது கேக்கல. நீங்க வாங்க. உடனே வாங்க."

எனக்காக ஏறியிருக்கிறார். நான் சொன்ன பொய்யை நம்பி எனக்கு உதவ வந்திருக்கிறார். ஐயோ, நான் என்ன செஞ்சு வெச்சிருக்கேன்.

கடைப்பையனின் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு ஓடினேன். அவர் ஏணியின் உச்சியில் நின்றிருந்தார். இடது கையால் கிளையைப் பிடித்திருந்தார். வலது கையில் மட்டும் மெஷின், அதுவும் தலைக்கு மேலே. அவர் பின்பக்கம்தான் எனக்குத் தெரிந்தது. காலைப் பிடித்து இழுக்கலாம் போலிருந்தது. இழுத்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். சுவரைச் சுற்றி ஓடி, அந்தப் பக்கத்துச் சந்தில் தள்ளி நின்று இரண்டு கையையும் தூக்கினேன்.

அவர் பார்க்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பாருங்க மச்சான், பாருங்க, இங்க பாருங்கன்னு மனசுக்குள்ளேயே சொல்லிட்டிருந்தேன். நுனி சுவரில் பட்டது. மெஷின் ஒரு எகிறு எகிறி அவர் காதோரமாகப் போய் வந்தது. செங்கல் தூள் பறந்தது. ஏணி ஆடி நின்றது. அப்போதுதான் என்னைப் பார்த்தார். அணைத்தார்.

இறங்கி வந்தவரிடம், நல்லா இருக்கீங்களா என்றுகூடக் கேட்காமல், "மச்சான், என் மெஷின் ரிப்பேர் இல்ல. கட்டிலுக்கடியில இருக்கு" என்றேன்.

தங்கையைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தண்ணீர் கொடுத்தாள், வாங்கவில்லை. ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 13, வெள்ளி

இரண்டு முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

மார்ச் 16, திங்கள்

கயிறு கட்டத் தெரிந்த ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். நாற்பது நிமிடத்தில் கிளை தரையில். மச்சான் பாதியில் விட்ட வெட்டைப் பார்த்து ஒருவர் கேட்டார், "இதை யாருங்க அறுத்தது?" நான்தான் என்றேன். மனைவி என்னை ஒருமாதிரி பார்த்தாள். ஆறு நாள் கழித்து இன்றைக்குத்தான் சாப்பிட வாங்க என்று கூப்பிட்டாள்.

மார்ச் 18, புதன்

அந்த இருவரையே மச்சான் வீட்டுக்கும் அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அனுப்பவில்லை. மூன்று மரங்களும் தரையில் கிடப்பதாக மனைவி சொன்னாள். சாயங்காலம் மறுபடியும் போன் செய்தேன். எடுத்தார்.

"மச்சான், ஞாயித்துக்கிழமை நான் வந்து துண்டு போட்டுத் தரட்டுமா?"

"வாங்க" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 22, ஞாயிறு

மெஷின், காது மூடி, தடித்த கால்சட்டை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனேன். மச்சான் நாற்காலி போட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தார். வாங்க என்றார், முகம் பார்த்துச் சொல்லவில்லை. நான் தரையில் வைத்துக் கிளப்பினேன். ஒரு கட்டையை அறுத்து முடித்து அணைத்தபோது வேர்த்துக்கொட்டியது. அடுத்த கட்டைக்குப் போகாமல் காது மூடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"பயமா இருக்கா மாப்பிள்ளை?"

"இருக்கு மச்சான். முதல் நாள்லேர்ந்தே இருக்கு. அதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் ரிப்பேர்னு சொன்னேன்."

அவர் எழுந்து வந்து அறுபட்ட துண்டைப் புரட்டிப் பார்த்தார்.

"அன்னிக்கு ஏணி மேல எனக்கும் கால் நடுங்குச்சு. மெஷின் எகிறினப்போ இல்ல, ஏறினதுமே. இறங்கிடலாம்னுதான் பார்த்தேன். வேலை முடியாம இறங்கினா நீங்க வீட்டுக்கு வந்து பார்த்துட்டுச் சிரிப்பீங்கன்னு இறங்கல."

இல்லை, சிரித்திருக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சிரித்திருப்பேன். அவர் இல்லாத நேரம் பார்த்து, அவர் தங்கையிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பேன்.