துண்டுக்குள் கேட்ட சம்மதம்

புரட்டாசி 4, திங்கள்

வெயில். மாலை தூறல். ஆட்டுச் சந்தைக் கூரை வேலைக்கான கூட்டம், கல்யாண மண்டபத்தில். புரட்டாசியில் கறி எடுப்பவர் குறைவு, சந்தை மந்தம். இப்போது ஆரம்பித்தால்தான் தீபாவளிச் சந்தைக்குள் முடியும். அதுவரை சந்தை, பேரூராட்சித் தலைவருடைய அண்ணனின் தரிசு நிலத்துக்கு (ஊரில் சொல்வது 'அண்ணன் காடு') மாற வேண்டும். தலைவர் மேடையில். பொறியாளர் என்ற முறையில், யாருக்காவது சிரமம் உண்டா என்று மைக்கில் மூன்று முறை கேட்டேன். எல்லாரும் தலையாட்டினார்கள், "செரிங்க மேடம்." போண்டா நன்றாக இருந்தது. பதிவேட்டில் "ஆட்சேபணை இல்லை" என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டேன்.

புரட்டாசி 6, புதன்

சந்தை நாள். கா. 5 மணியிலிருந்து அண்ணன் காட்டில் நான், கான்ட்ராக்டர், இரண்டு நாய்கள். ஆடு ஒன்றுகூட வரவில்லை. எல்லாம் பழைய சந்தையில், தோண்டிய குழிகளுக்கு நடுவே. ஏன் என்று ஆறு பேரைக் கேட்டேன், எப்போதும் நாலு ஆட்டோடு வரும் பாவாயி அக்கா உட்பட. ஆறு பேரும் ஒரே பதில்: "பாக்கலாமுங்க." எங்கள் ஆத்தூர்ப் பக்கம் என்றால் முகத்துக்கு நேரே திட்டியாவது இருப்பார்கள்.

செயல் அலுவலர் போன். அடுத்த வியாழனுக்குள் இடம் முடிவாகாவிட்டால் வேலை நிற்கும். நின்றால் கூரையோடு பெண்கள் கழிப்பறையும் போகும். அது நான் சண்டை போட்டு வரைபடத்தில் சேர்த்தது. ஆடு விற்க வரும் பெண்கள் விடிகாலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் நிற்கிறார்கள். விட மாட்டேன்.

புரட்டாசி 7, வியாழன்

தலைவலி. தைலம் வாங்க வேண்டும்.

தரகர் பழனியப்பன் வீட்டுக்குப் போனேன். காபி வந்தது, பேச்சு வரவில்லை. கிளம்பும்போதுதான் சொன்னார்: "ஏனுங்க மேடம், தலைவரை மேடையில ஒக்கார வெச்சுட்டு, அவங்கண்ணன் காடு வேண்டாம்னு எவனுங்க எந்திரிச்சுச் சொல்லுவான்?"

சுருக்கென்றது. தப்பு என்னுடையது.

அவர் தோளில் துண்டு. சந்தையில் விலை பேசுவது அதற்கு அடியில்தான், விரலைப் பிடித்து. பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது. இதையும் அப்படியே கேட்டால் என்ன? சொன்னேன். சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

புரட்டாசி 9, சனி

பழனியப்பன் போன். பேசி முடித்தது:
ஒரு விரல் - அண்ணன் காடு.
இரண்டு விரல் - ஏரிக்கரைப் புறம்போக்கு (அவர் யோசனை).
மேடை, மைக், போண்டா வேண்டாம்.

தைலம் வாங்க மறந்தேன்.

புரட்டாசி 13, புதன்

பழைய சந்தை. ஆண்களுக்குப் பழனியப்பன், பெண்களுக்கு நான். துண்டு புதிது, கஞ்சி மொடமொடப்பு. முதலில் பாவாயி அக்கா. என் இரண்டு விரலை நசுக்கிவிட்டார். அதற்கப்புறம் எல்லாம் இரண்டு, இரண்டு, இரண்டு. ஒரு விரல் நாலே பேர்.

விரல் சொன்ன பிறகு வாயும் திறந்தது. அண்ணன் காட்டில் மேடு கிடையாது, ஒவ்வொரு ஆட்டையும் தூக்கித்தான் லாரியில் ஏற்ற வேண்டும். ஏரிக்கரை லாரித் தட்டின் உயரம், லாரியைப் பின்னுக்கு எடுத்து ஒட்டினால் ஆடு தானே நடந்து ஏறும். பொறியாளர் எனக்கு இது தோன்றவே இல்லை.

திடீரென்று தலைவர். இது என்ன கூத்து என்றார். பழனியப்பன் அசராமல் அவரிடமும் துண்டை நீட்டினார். தலைவர் சுற்றும்முற்றும் பார்த்தார், கையை உள்ளே விட்டார், எடுத்தார், வந்த வழியே போனார். அவர் தலை மறைந்ததும் பழனியப்பன் என் பக்கம் திரும்பி இரண்டு விரலைக் காட்டினார்.

அடப்பாவி மனுஷா!

புரட்டாசி 14, வியாழன்

தலைவருடைய அண்ணனிடம் நானே போய்ச் சொன்னேன். லாரி, மேடு, அவ்வளவுதான். யார் பெயரும் எடுக்கவில்லை. முகம் சுருங்கியது. ஆனாலும் மோர் கொடுத்தார். மாலை, செயல் அலுவலர் ஏரிக்கரைக்குக் கையெழுத்து.

புரட்டாசி 20, புதன்

மழை விட்டுவிட்டு. கா. 4.30க்கே ஏரிக்கரையில் ஆட்டுச் சத்தம். ஏழு மணிக்குச் சங்ககிரி லாரி கரையை ஒட்டி நின்றது, ஆடுகள் நடந்து ஏறின. சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு.

தலைவர், கான்ட்ராக்டர், தரகர்கள் எல்லாரும் நிற்கும்போது பாவாயி அக்கா அங்கிருந்தே சத்தமாக: "ஏனுங்க மேடம், கக்கூசுக்கு உள்தாப்பா பெருசா வெக்கச் சொல்லுங்க. இத்துனூண்டு தாப்பா ஒரே மாசத்துல பேந்துக்கும்."

பதிவேட்டை எடுத்தேன். ஆட்சேபணை: ஒன்று. தாழ்ப்பாள் பெரிதாக.