வலது இறக்கையின் போல்ட்

மார்ச் 2, ஞாயிறு

என் பெரிய மகனின் மூத்த மகள் கண் டாக்டர். அவள் தம்பி கப்பலில் எஞ்சினியர். ஆறு மாதம் கடல், மூன்று மாதம் வீடு. என் மகளின் பையன் வக்கீல், போன மாதம்தான் முதல் வழக்கை ஜெயித்தான். சின்னவனின் ஒரே மகள், என்னோடு இதே வீட்டில் இருப்பவள், ஏசி கம்பெனியில் வேலை பார்க்கிறாள்; பெரிய ரிமோட் விமானம் பறக்கவிடும் போட்டியில் இரண்டு வருஷத்துக்கு முன் மூன்றாம் பரிசு. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். என் பேரன் பேத்திகளில் ஒன்றுகூடச் சோடை போகவில்லை.

இதை எதற்கு எழுதி வைக்கிறேன்? இன்று கல்யாண மண்டபத்தில் என் ஓரகத்தி, கொழுந்தன் மனைவி, எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்துகொண்டு பக்கத்தில் இருந்தவளிடம், "எங்க கேப்டன் இந்த வருஷம் கப்பைத் தூக்கிட்டு வந்துடுவான்" என்றாள். எனக்குக் கேட்கவேண்டும் என்றே திரும்பிச் சொன்னாள். கேப்டனாம். அவள் பேரன் ஓட்டுவதும் அதே ரிமோட் விமானம்தான். போன வருஷம் என் பேத்தியிடம், "ஒரு ரவுண்டு குடு, பார்த்துட்டுத் தர்றேன்" என்று வாங்கி, அவள் விமானத்தைத் தரையில் குத்தி நொறுக்கியவன். அன்று அவள் தேம்பித் தேம்பி அழுதபோது ஓரகத்தி சொன்னது: "பொம்மைதானேக்கா உடைஞ்சுது. அதுக்கு ஏன் இழவு வீடு மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?" மறு வாரம் பார்சலில் ஒரு பிளாஸ்டிக் விமானம் அனுப்பினாள். சாவி கொடுத்தால் ஓடும். ஈடு கட்டிவிட்டாளாம்.

அன்றிலிருந்து அவளோடு நான் பேசவில்லை. அந்தப் பிளாஸ்டிக் சனியனை ஃப்ரிட்ஜ் மேலேயே வைத்திருக்கிறேன். கோபம் ஆறிப் போய்விடக்கூடாது அல்லவா.

மார்ச் 8, சனி

பெட்டி வந்துவிட்டது. சவப்பெட்டி நீளம். தூக்கி வந்த ஆள், "உள்ளே என்னம்மா, கட்டிலா?" என்றான். "ஒருத்தியோட திமிரை அடக்குற மருந்து" என்றேன். அவன் கையெழுத்து வாங்கிக்கொண்டு வேகமாகப் போய்விட்டான்.

பேத்தி முன்னறையில் சோபாவைச் சுவரோரம் தள்ளி, தரை முழுக்கப் போர்வை விரித்தாள். உடல் ஒன்று, இறக்கை இரண்டு, வால், சக்கரம், பை பையாகத் திருகு. பாதி செய்த விமானம். மீதியை நாம் கோக்கவேண்டும்.

நான் கேட்டது ஒன்றுதான். "அவன் விமானத்தைவிடப் பெரிசா?"

"ஒரு சாண் பெரிசு பாட்டி."

போதும். இன்று சோறு இறங்கியது.

மார்ச் 13, வியாழன்

இறக்கையின் பின்விளிம்பில் ஒரு தடுக்கு இருக்கிறது. மேலும் கீழும் ஆடும். அதுதான் விமானத்தைப் புரட்டுவது. அதைக் கீல் வைத்து ஒட்டினோம். கீலின் நடுவில் பசை போனால் ஆடாது என்று முதலில் வாசலைன் தடவவேண்டும். தீக்குச்சி முனையில் தொட்டுத் தொட்டு நான்தான் தடவினேன். மருமகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அத்தை, எனக்கு முழங்கால் வலின்னு தைலம் தேய்க்கச் சொன்னா கண்ணு தெரியலைம்பீங்க" என்றாள்.

தெரியவேண்டியது தெரியும்.

மார்ச் 16, ஞாயிறு

விமானத்தின் மேல் ஒட்டியிருக்கும் பளபளத் தாள் வெயிலில் தொய்ந்து சுருக்கம் விழுந்திருந்தது. அதற்கென்று உள்ளங்கை அகல இஸ்திரிப் பெட்டி இருக்கிறது. மெதுவாக ஓட்டினால் சுருக்கம் இழுத்துக்கொண்டு கண்ணாடி மாதிரி ஆகிவிடும். நான்கு இடம் நன்றாக வந்தது. ஐந்தாவது இடத்தில் ஓரகத்தி முகம் ஞாபகத்துக்கு வந்தது, பல் தெரியும் அந்தச் சிரிப்பு. கை அழுந்திவிட்டது. தாள் பொசுங்கி ஓட்டை.

பேத்தி கோபப்படவில்லை. சிவப்புத் தாளில் ஒரு துண்டு வெட்டி ஒட்டு போட்டாள். "யாரை நெனச்சே?" என்றாள்.

"யாரையும் இல்லை."

"சின்னப் பாட்டியை நெனச்சுக்கிட்டு என் இறக்கையைப் பொசுக்காதே."

மார்ச் 22, சனி

எஞ்சினை மூக்கில் மாட்டினாள். ஒவ்வொரு போல்ட்டிலும் ஒரு சொட்டு நீலப் பசை. இல்லாவிட்டால் அதிர்வில் தானாகக் கழன்றுவிடுமாம்.

இறக்கை எப்படி நிற்கிறது என்றும் காட்டினாள். உடலின் குறுக்கே கறுப்புக் குழாய் ஒன்று. இரண்டு பக்கமும் இறக்கையை அதில் செருகவேண்டும். பிறகு மேலே இருக்கும் கண்ணாடி மூடியைக் கழற்றி, உள்ளே கைவிட்டு, பக்கத்துக்கு ஒரு போல்ட். வெள்ளைப் பிளாஸ்டிக், தலை மட்டும் காசு மாதிரிப் பெரிது. இறக்கை வெளியே நழுவாமல் பிடிப்பது அந்த ஒன்றுதான். மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அதைப் போடுவார்கள்.

"இதைப் போட மறந்துட்டா?"

"தரையில தெரியாது பாட்டி. மேலே போய்த் திரும்பும்போது இறக்கை உருவிட்டுப் போயிடும். மிச்சம் எங்க விழும்னு யாருக்கும் தெரியாது. ஆள் மேலயும் விழலாம்."

"யாராவது மறப்பாங்களா?"

"போடுறப்போ யாராவது பேச்சுக் குடுத்தா மறந்துடும். எல்லாருக்கும் ஒரு தடவை நடந்திருக்கு."

ஏப்ரல் 3, வியாழன்

துரோகம். வேறு சொல் இல்லை.

எஞ்சின் ஒழுங்காக ஓடாமல் இரண்டு நாளாக விக்கிக்கொண்டிருந்தது. இன்று பால்கனியில் நின்று யாரோடோ சிரித்துச் சிரித்துப் பேசினாள். வந்ததும் எஞ்சினுக்குப் போகும் எண்ணெயை அளந்து விடும் ஊசித் திருகை ஒரு சுற்றுத் தளர்த்தினாள், சரியாகிவிட்டது. யார் சொன்னது என்றேன். "அவன்தான்" என்றாள். கேப்டன்! நொறுக்கியவனிடமே கேட்டிருக்கிறாள்!

"உனக்கு வெட்கமா இல்லை?"

"அவனும் நானும் போன வருஷமே பேசி முடிச்சாச்சு பாட்டி. அவன் அன்னைக்கே மன்னிப்புக் கேட்டான். சண்டை உனக்கும் சின்னப் பாட்டிக்கும்தான்."

நான் சாப்பிடவில்லை. மன்னிப்பை இவளிடம் கேட்டால் போதுமா? என்னிடம் எவள் கேட்டாள்?

ஏப்ரல் 4, வெள்ளி

காலையில் சாப்பிட்டேன். இவர்களுக்கு ரோஷம் இல்லை என்பதற்காக நான் ஏன் பட்டினி கிடக்கவேண்டும்.

ஏப்ரல் 12, சனி

எடை சமன் பார்த்தோம். மூக்கு கொஞ்சம் கனக்கவேண்டும். வால் கனத்தால் அடங்காத மாடு. இறக்கைக்கு அடியில் ஆளுக்கொரு விரல் கொடுத்துத் தூக்கினோம், அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வால் சரிந்தது. பேட்டரியை முன்னால் தள்ளிக் கட்டினாள். மறுபடி தூக்கினோம். மூக்கு மெல்லத் தாழ்ந்து அப்படியே நின்றது. இத்தனை பெரிய உருப்படி, என் ஒற்றை விரலில்.

முடிந்துவிட்டது. சிவப்பும் மஞ்சளும். ஓரகத்தி பார்த்து எரிந்து சாகட்டும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

முதல் தடவை பறந்தது. மைதானத்துக்கு நான் போகவில்லை. என் கண்ணே பட்டுவிடும் என்று சொல்லி வீட்டில் விட்டுவிட்டார்கள். வீடியோ பார்த்தேன். நெட்டுக்குத்தாக மேலே போய், ஒரே இடத்தில் மூக்கால் தொங்கிக்கொண்டு நிற்கிறது! கொடியில் காயப்போட்ட துணி மாதிரி. பதினொரு பேருக்கு அனுப்பச் சொன்னேன். ஓரகத்திக்கு நேராக அனுப்பக்கூடாது. அவள் காதுக்கு ஊர் சுற்றிப் போனால்தான் எரியும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

போட்டி. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மைதானத்தில் நிழல் ஒரே ஒரு பந்தல். அதில் இரண்டே நாற்காலி. ஓரகத்தி எனக்கு முன்பே வந்து ஒன்றில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் ஆபரேஷன் ஆனவள், எழுப்ப முடியாது. நான் அடுத்ததில் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இருவரும் ஆளுக்கொரு திசை, தபால்பெட்டிகள் மாதிரி.

கேப்டன் எங்கள் முன்னால் பாய் விரித்து விமானத்தைக் கோத்தான். இடது இறக்கை, போல்ட். வலது இறக்கையைச் செருகினான். போல்ட்டைக் கையில் எடுத்தான். அந்த நேரம் பார்த்து இவள், "டேய் கேப்டன், இப்படியே ஒரு போட்டோ எடுத்துக்கடா, வெயில் நல்லா விழுது" என்றாள். "இருங்க பாட்டி." "ஒரு நிமிஷம்டா, குரூப்ல போடணும்." அவன் போல்ட்டைப் பாயோரம் வைத்துவிட்டு எழுந்து நின்றான். பல்லைக் காட்டினான். திரும்பி வந்து கண்ணாடி மூடியைப் போட்டு மூடிவிட்டான். பாயைச் சுருட்டும்போது போல்ட் உருண்டு புல்லில் விழுந்தது. என் நாற்காலிக்கு முன்னால். காசுத் தலை, வெள்ளை.

நான் செருப்புக் காலை எடுத்து அதன் மேல் வைத்தேன்.

அவன் விமானத்தைத் தூக்கிக்கொண்டு போனான். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எல்லோரும் பார்க்க அது உதிரட்டும், அப்போது நான், "பொம்மைதானே" என்று சொல்லவேண்டும். ஒரு வருஷமாக வாய்க்குள் வைத்திருந்த வார்த்தை. ஆள் மேல் விழலாம் என்று பேத்தி சொன்னது ஞாபகம் வந்தது. வந்தும் காலை எடுக்கவில்லை. எஞ்சின் கிளம்பும்போது அவன் விமானத்தின் வாலைப் பிடித்துக்கொள்ள என் பேத்தியே போய் உட்கார்ந்தாள் — அப்போதும் எடுக்கவில்லை. மேலே போய்த்தானே கழலும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 

எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் பேத்தி இடது இறக்கையைப் பிடித்து இழுத்தாள். பிறகு வலது. அது ஒரு சாண் வெளியே வந்தது.

"போல்ட் எங்கடா?"

அவன் முகம் வெளிறிவிட்டது. ஓடி வந்தார்கள். பாயை உதறினார்கள். வேறு போல்ட் கைவசம் இல்லை. பேத்தி விமானத்தின் போல்ட் அளவு வேறு. அவனுடைய முறை வந்துகொண்டிருந்தது.

"அக்கா, உங்க பக்கம் இருக்கான்னு பாருங்க." ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு.

"எனக்குக் கண்ணு தெரியலை" என்றேன்.

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். ஒரு முழங்கால், பிறகு இன்னொன்று. "ஸ்ஸ்" என்றாள். புல்லைத் தடவிக்கொண்டே வந்தாள், என் காலடி வரைக்கும். உச்சி வகிடு தெரிந்தது, முடி கொட்டி அகன்றுபோன வகிடு. எனக்கு எப்படி இருந்தது? நன்றாக இருந்தது. பொய் எழுதமாட்டேன்.

"இந்தப் பக்கம் இன்னும் நல்லாத் தேடு" என்றேன்.

தேடினாள். என் செருப்பைச் சுற்றிக் கை வந்தது. நின்றது. தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள்.

"காலை எடுங்கக்கா."

எடுத்தேன். மண்ணில் அழுந்திக் கிடந்தது. எடுத்து முந்தானையில் துடைத்தாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தப்போகிறாள், இத்தனை பேர் முன்னால், என் பேத்தி முன்னால்.

"கிடைச்சிடுச்சுடா" என்று குரல் கொடுத்தாள். "புல்லுக்குள்ள கிடந்துச்சு."

பிறகு என்னிடம், "கையைக் குடுங்க. எந்திரிக்க முடியலை."

கொடுத்தேன். கனமாக இருந்தாள்.

பேத்திக்கு இரண்டாம் பரிசு. அவன் நாலாவது. ஜெயித்துவிட்டோம்.

ஏப்ரல் 28, திங்கள்

ஜெயித்துவிட்டோம் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னேன். வாய் சொன்னது.

ஏப்ரல் 30, புதன்

மருமகள் நேற்று குடும்ப குரூப்பில் படங்கள் போட்டிருக்கிறாள். விமானத்தை எடுக்கப் போய், முன்னால் நாங்கள் விழுந்திருக்கிறோம். நான் நாற்காலியில் மகாராணி மாதிரி. அவள் என் காலடியில் இரண்டு கையும் தரையில் ஊன்றி.

பிய்த்து எடுக்கிறார்கள். "பெரியம்மா கடைசியில கால்ல விழ வச்சுட்டாங்க." "ஒரு வருஷ வழக்கு முடிஞ்சுது", இது வக்கீல். கப்பலில் இருப்பவன்கூட அங்கிருந்து சிரித்து அனுப்பியிருக்கிறான்.

இந்தப் படத்துக்குத்தானே ஒரு வருஷம் காத்திருந்தேன்? ஃப்ரேம் போட்டு மாட்டவேண்டியது. இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். என் வலது கால். மற்றவர்களுக்கு அது வெறும் கால். எனக்குத் தெரிகிறது, விரல்கள் எப்படிச் சுருண்டு அழுத்திக்கொண்டிருக்கின்றன என்று.

எல்லாவற்றுக்கும் கீழே அவள் பதில் போட்டிருக்கிறாள்: "ஆமா. அக்காகிட்ட மன்னிப்புக் கேட்டேன். மன்னிச்சிட்டாங்க."

இது என்ன, பெருந்தன்மையா? இல்லை, அடியா? நேற்றிலிருந்து யோசிக்கிறேன். எதுவானாலும் நல்ல இடம் பார்த்து வைத்திருக்கிறாள்.

மே 2, வெள்ளி

தூக்கம் இல்லை. அன்றைக்குப் பேத்தி இறக்கையை இழுத்துப் பார்க்காமல் இருந்திருந்தால்?

மே 4, ஞாயிறு

ஓரகத்தி வாசல்படி ஏற முடியாதவள், என் வீட்டுக்கு வரமாட்டாள் என்று நானே அவள் வீட்டுக்குப் போனேன். பேத்தி காரில் விட்டாள். கேப்டன் கதவைத் திறந்து, "பெரிய பாட்டி!" என்று வாயைப் பிளந்தான். அவள் கட்டிலில் முழங்காலில் தைலம் தடவிக்கொண்டிருந்தாள். மண்டிபோட்டதில் வீங்கியிருந்தது.

"உட்காருங்க" என்றாள். "பார்த்து, கீழே ஏதாவது கிடக்கப்போகுது."

 தைலத்தை வாங்கித் தேய்த்துவிட்டேன். "அழுத்தாதீங்க, உங்க காலுக்கு இருக்கிற பலம் கைக்கும் இருக்கு" என்றாள். இரண்டு தடவை குத்திவிட்டாள். இன்னும் குத்துவாள். குத்தட்டும்.

வந்ததும் மருமகளிடம் ஃபோனைக் கேட்டு நானே எழுத்தெழுத்தாக அடித்து குரூப்பில் போட்டேன்: "அந்தப் படத்தை எடுத்துவிடவும். யாரும் யார் காலிலும் விழவில்லை. அடுத்த ஞாயிறு மைதானத்துக்கு நாங்கள் இருவரும் வருகிறோம். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்த புதுப் படம் ஒன்று போடவும். செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருவேன். என் கால் தெரியும்படி எடுக்கவும்."