இடது கன்னத்து வாசனை

அப்பா,

இன்று காலை அடுக்களையில் அம்மா பிரிஞ்சி இலை டப்பாவைத் திறந்தாள். என் இடது கன்னம் சில்லென்றது. பக்கத்தில் யாரும் இல்லை.

சவரம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுக் கண்ணை மூடச் சொல்வீர்கள். சைகோனில் சிப்பாயாக இருந்து திரும்பும்போது வாங்கி வந்த பே ரம் என்கிற சவர வாசனைத் தைலம், இடது கன்னத்தில் ஒரு சொட்டு. கடலூர்க் கடையில் வாங்கியது, வலது கன்னத்தில். "எது மொதல்ல ஓடுதுன்னு பாருடி" என்பீர்கள். கடலூர்ச் சரக்கில் வெறும் ஸ்பிரிட்டும் கிராம்பும்தான். நான் தலை பின்னி முடிப்பதற்குள் போய்விடும். இடது கன்னத்தில் முதலில் ரம்மின் வெல்ல வாசனை, அப்புறம் கிராம்பு, கிச்சிலிப்பழத் தோல். எல்லாம் அடங்கிய பிறகு மிளகு போல ஓர் இலை வாசனை வரும். அது பள்ளிக்கூடம் வரைக்கும் கூடவே வரும்.

"கடலூர்து பூடுச்சா?"

"அப்பவே பூடுச்சிபா."

"அது இங்கிலீஷ்காரன் கஷாயம். நம்ம பிரெஞ்சுக்காரன்து நிக்கும்."

மழைக்காலத்துக் காய்ச்சலில் நீங்கள்தான் நிற்கவில்லை. பாட்டிலில் மிச்சமிருந்ததும் தக்கை வழியே தானாக வற்றிப்போனது.

முதல் வருஷப் படையல் நெருங்கியபோது அம்மா காலி பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வாசன மாறிப்போச்சின்னா, வேற யாரு வூடோன்னு திரும்பிப் பூடுவாருடி."

நான் செய்து தருகிறேன் என்றேன். பாட்டிலின் மேல் பிரெஞ்சில் அச்சிட்டிருந்ததைப் படித்தேன். மாமா வில்லியனூரில் ரம் வாங்கி வந்தார். கிராம்பும் தோலும் போட்டேன். இலை என்று இருந்ததற்குப் பிரிஞ்சி இலையைப் போட்டு வெயிலில் வைத்தேன்.

அம்மா மோந்து பார்த்தாள். "இன்னாடி, கல்யாண வூட்டு சமையக்கட்டு மாதிரி இருக்குது." சிரிக்க ஆரம்பித்தவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வைப்பதற்கு வேறு எதுவும் இல்லை.

படையலில் உங்கள் சவரக் கண்ணாடிக்கு இடப்பக்கம் என் பாட்டிலையும் வலப்பக்கம் கடலூர்ப் பாட்டிலையும் வைத்தேன். நீங்கள் வந்து சாப்பிடுவதற்காகக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம். நான் கதவோடு வாய் வைத்துச் சொன்னேன்: "வாசனதான்பா தப்பு. வூடு இதுதான்."

கதவைத் திறந்தபோது மீன்குழம்பு ஆடை கட்டியிருந்தது. விளக்கு அசையாமல் எரிந்தது. சாம்பிராணியைத் தாண்டி அந்த மிளகு வாசனை வந்தது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உனக்கு வருதாடி?"

"வருதும்மா."

பின்னொரு நாள் பள்ளி அகராதியில் தேடினேன். உங்கள் பாட்டிலில் எழுதியிருந்த அந்த இலை எங்கோ தூரத்துத் தீவுகளில் வளரும் வேறொரு மரத்தினுடையதாம். நம்ம பாகூரில் எந்தத் தோட்டத்திலும் அது இல்லை. என் பாட்டிலிலும் இல்லை. அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் காலையில் முகம் கழுவும்போது இடது கன்னத்தைக் கடைசியில்தான் கழுவுகிறேன் அப்பா. அவசரமில்லை.