ஆளுக்கொரு புத்தகம்

இன்று காலை சட்டை ஒன்று தைக்கக் கொடுக்கவென்று புதுக்குடியிருப்புச் சந்தைக்குப் பக்கத்திலுள்ள தையல்கடைக்குப் போயிருந்தேன். மெஷினுக்கு மேலே, நூல்கட்டைகளுக்கு நடுவில் ஒரு புத்தகம் விரித்தபடி கவிழ்ந்து கிடந்தது. பழைய கலண்டர் தாளின் வெள்ளைப் பக்கம் வெளியே தெரிய உறை போட்டு, முதுகில் பென்சிலால் 'பஸ்சுக்கு' என்று எழுதியிருந்தது. உன் எழுத்து. மெய்யெழுத்தின் புள்ளியைச் சின்ன வட்டமாகப் போடுவது நீ ஒருத்திதான்.

"அக்கா, இது ஆரின்ரை புத்தகம்?" என்று கேட்டேன்.

"என்ரை தங்கச்சியின்ரை மகள் தந்தவள். மாங்குளத்தில ஒரு ரீச்சர் செத்துப் போயிட்டாவாம். தாய் எல்லாருக்கும் எடுத்துக் குடுத்தவவாம். நல்ல கதை பிள்ளை, நான் ரெண்டாந்தரம் வாசிக்கிறன்."

எனக்கு அழுகை வரவில்லை. பொறாமைதான் வந்தது. உன் புத்தகம் அந்த அக்காவிடம் இருக்கிறது, அதை அவர் இரண்டாம் முறையாகவும் வாசிக்கிறார். அளவு கொடுத்துவிட்டு வெளியே வந்து பஸ்சுக்கு நின்றபோதும் நெஞ்சு எரிந்துகொண்டே இருந்தது. நீ போய் இரண்டு வருடமாகப் போகிறது. இப்போதும் இப்படித்தான் இருக்கிறேன் என்பதை உன்னைத் தவிர வேறு யாருக்கும் எழுத முடியாது.

நாம் பழகியது பஸ்சில்தானே. முதுகலை வகுப்புக்காகச் சனிக்கிழமைகளில் நான் உடையார்கட்டிலிருந்து விடியமுன் புறப்பட்டு மாங்குளத்துக்கு வந்து யாழ்ப்பாண பஸ் ஏறுவேன். அதே வகுப்புக்கு வருகிற நீ அங்கே சந்தியில் நிற்பாய். இருக்க இடம் கிடைக்காத நாட்களிலும் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையில் புத்தகம் வைத்திருப்பாய். பக்கத்தை மூக்கால் புரட்டுவாய். மூன்றாம் கிழமை நான் சிரித்துவிட்டேன். "சிரிக்காமல் இதைப் பிடியும், நான் பக்கத்தைத் திருப்பிறன்" என்று புத்தகத்தை என் கையில் தந்தாய். அன்றைக்குப் பளை வரும்வரை நீ வாசிக்க நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

அது ஒரு மலிவான துப்பறியும் நாவல். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. முதுகலை படிக்கிற ஒருத்தி இதையும் வாசிப்பாளா? நான் அந்த நாட்களில் விமர்சகர்கள் நல்லது என்று சொன்னவற்றை மட்டும் வாசிப்பேன். வாசித்தேன் என்று சொல்வதற்காகவும் சிலவற்றை வாசித்தேன்.

பிறகொரு நாள் உன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாய். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு. பின்னறைச் சுவர் இன்னும் பூசப்படவில்லை. அந்தச் சுவரோடு செங்கல் அடுக்கி, பலகை போட்டு, கூரை வரைக்கும் புத்தகங்கள். மழை ஒழுகுகிற மூலையில் இருந்தவற்றை உரப்பைகளால் மூடியிருந்தாய். இடையிடையே காய்ந்த வேப்பிலை. போரில் இடம்பெயர்ந்து இருந்த முகாமில் கண்டெடுத்த முதல் புத்தகத்தையும் காட்டினாய். முன்பக்கங்கள் முப்பது இல்லாத புத்தகம். மற்றவை பழைய இரும்புக்கடைக்காரரின் பேப்பர் கட்டுகளிலிருந்தும், வெளிநாடு போனவர்கள் விட்டுச்சென்ற பெட்டிகளிலிருந்தும், பள்ளிக்கூடங்கள் கழித்துவிட்ட குவியல்களிலிருந்தும் நீ பொறுக்கிச் சேர்த்தவை.

எழுதியவர் பெயர்ப்படி நீ அடுக்கவில்லை. 'பஸ்சுக்கு', 'காய்ச்சல் நாளுக்கு', 'கோபம் வந்தால்', 'படித்தும் விளங்காதவை' என்று பலகைக்குப் பலகை எழுதி ஒட்டியிருந்தாய். விளங்காதவை என்ற தட்டில் நான் வகுப்பில் மணிக்கணக்காகப் பேசியிருந்த இரண்டு நூல்கள் இருந்தன. அவை எனக்கும் விளங்கியதில்லை. அதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. நீயோ எழுதியே ஒட்டி வைத்திருந்தாய்.

உன் அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார். "என்னாம்மா பாக்குற? வீட்டுல சோத்துப்பானை வைக்க எடமில்ல, இவ புஸ்தகமா அடுக்குறா" என்று சிரித்தார். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. மலையகத்திலிருந்து வந்து, மற்றவர்களின் வயலில் நாற்று நட்டு உன்னைப் படிப்பித்தவர்.

அன்று என் மனதில் வந்ததை இப்போது மறைக்கப் போவதில்லை. எங்கள் வீட்டில் அப்பாவின் அலுமாரி நிறையப் புத்தகம் இருந்தது. இடம்பெயர்ந்தபோது பூட்டி, திறப்பை எடுத்துக்கொண்டு போனோம். திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை, அது நின்ற சுவரும் இல்லை. தலைமுறையாய்ப் படித்த குடும்பம் என்று சொல்லிக்கொண்ட எங்களிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. கூலிக்குப் போகிற ஒரு தாயின் மகளிடம் அறை நிறைய இருக்கிறது. 'இவளுக்கு எப்படி?' என்று நினைத்தேன். உன் அம்மாவின் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டுதான் அப்படி நினைத்தேன்.

அந்த அறையில்தான் அந்தச் சிறுகதைத் தொகுப்பைப் பார்த்தேன். அச்சில் இல்லாதது. பல்கலைக்கழக நூலகத்திலும் இருக்கவில்லை. கேட்ட உடனே தந்தாய். "ஓரத்தில கிறுக்கியிருக்கிறன், பார்க்காதை, வெக்கம்" என்றாய்.

நான் அதைத்தான் பார்த்தேன். மூன்றாவது கதையின் ஓரத்தில் பென்சிலால் இப்படி இருந்தது: 'இந்தக் கதைகளில் எல்லாப் பெண்களும் சமைக்கினம். ஒருத்தியும் சாப்பிடேல்லை.' நாலாவது, ஐந்தாவது, ஆறாவது கதைகளிலும் சோறு வருகிற இடமெல்லாம் ஒரு சின்னக் கோடு. பத்து வருடம் படித்தும் இப்படி ஒன்றை நானாகக் கண்டதில்லை.

அடுத்த மாதக் கருத்தரங்கில் அதை என்னுடையதாக வாசித்தேன். நீ மூன்றாவது வரிசையில் இருந்தாய். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நல்ல கண் உமக்கு" என்றார். நான் உன் பக்கம் பார்க்காமல் தாள்களை அடுக்கினேன்.

பிறகு சிற்றுண்டிச்சாலையில் நீயாகவே வந்து எனக்கு முன்னால் இருந்தாய். சண்டைக்குத் தயாராக இருந்தேன்.

"வடிவாச் சொன்னாய்" என்றாய். "ஆனால் எட்டாவது கதையில ஒருத்தி சாப்பிடுறாள். அதை ஏன் விட்டனி?"

நான் கோப்பையை எடுத்து உதட்டில் வைத்தேன். நான் எட்டாவது கதையை வாசிக்கவே இல்லை. உன் குறிப்பு கிடைத்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன்.

உனக்கு அது விளங்கிவிட்டது. உன் முகத்தில் கோபத்தைத் தேடினேன். அங்கே இருந்தது ஒரு மாதிரியான இரக்கம். "வாசிச்சுப் பார். நல்ல கதை. அவசரமில்லை, பிறகு ஆறுதலாத் தா" என்றாய். களவெடுத்ததை நீ கேட்கவில்லை. வாசிக்காமல் விட்டதுதான் உனக்குக் கவலை. அந்த இடத்தில் நீ என்னை ஏசியிருந்தால் நான் உன்னை இவ்வளவு வெறுத்திருக்க மாட்டேன்.

மறுநாள் வாசித்தேன். ஊரே விருந்து உண்டு போனபின் ஒருத்தி குசினியில் நின்றபடி பானையில் கைவிட்டு அள்ளிச் சாப்பிடுகிறாள். பக்கத்தில் உன் பென்சில்: 'அப்பாடா.' அந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அந்தக் கதாபாத்திரத்தோடு உனக்கு இருந்த உறவு எந்தக் கதாபாத்திரத்தோடும் எனக்கு இருந்ததில்லை. புத்தகத்தை என் பெட்டிக்கு அடியில் வைத்தேன். திருப்பித் தரவில்லை.

ஆறு மாதத்தின் பின் நீ கேட்டாய். ஆய்வுக்கு அந்தத் தொகுப்பையே எடுத்திருப்பதாகச் சொன்னாய்.

"நான் தந்திட்டனே" என்றேன். "நீ வேறை ஆருக்கும் குடுத்திருப்பாய். நீதான் கேட்டவைக்கெல்லாம் குடுக்கிறனி."

நீ என்னை நம்பினாய். மாரி தொடங்கிய கிழமை. நீயும் அம்மாவும் பலகை பலகையாய் எல்லாப் புத்தகத்தையும் இறக்கித் தேடியிருக்கிறீர்கள். அடுத்த சனிக்கிழமை பஸ்சில் வந்து என் கையைப் பிடித்து, "உன்னை நான் சந்தேகப்பட்ட மாதிரிப் போச்சு. மனசில வைச்சிராதை" என்றாய். நான், "பரவாயில்லை" என்றேன். பரவாயில்லை என்று நான் உனக்குச் சொன்னேன்! நீ ஆய்வுத் தலைப்பை மாற்றினாய். நான் என் ஆய்வில் உன் குறிப்பை ஒரு அத்தியாயமாக வளர்த்தேன்.

பிறகு எலிக்காய்ச்சல். நடுகைக்கு ஆள் போதாதென்று லீவு நாளில் அம்மாவோடு வயலில் இறங்கினாய். முதல் இரண்டு நாளும் சாதாரணக் காய்ச்சல் என்று வீட்டிலேயே படுத்திருந்தாயாம். நான் கேள்விப்பட்டு கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு வந்தது ஐந்தாம் நாள். என் கைப்பைக்குள் அந்தப் புத்தகம் இருந்தது. சத்தியமாய் இருந்தது. உன் கண்கள் மஞ்சளாய் இருந்தன. என்னைக் கண்டு எழும்பப் பார்த்தாய்.

"படு, படு" என்றேன்.

"என்ன வாசிக்கிறாய் இப்ப?" என்று கேட்டாய்.

"ஒண்டுமில்லை. நேரமில்லை."

"எனக்குத்தான் இப்ப நேரம் இருக்கு. எழுத்துத்தான் ஆடுது" என்று சிரித்தாய்.

வாசித்துக் காட்டியிருக்கலாம். பையைத் திறந்து, எட்டாவது கதையை எடுத்து, உன் பக்கத்தில் இருந்து வாசித்திருக்கலாம். ஆனால் திறந்தால் பொய் தெரிந்துவிடும். பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பார்வையாளர் நேரம் முடிந்தது என்றார்கள். அதிலிருந்து மூன்றாம் நாள் நீ போய்விட்டாய் என்று செய்தி வந்தது.

பதினாறாம் நாளுக்கு மாங்குளம் வந்தபோது என் மனதில் ஒரு எண்ணம் இருந்தது. உன் புத்தகங்களை நான்தான் பொறுப்பெடுக்க வேண்டும்; வேறு யாருக்கு அதன் அருமை தெரியும்? வாகனம் பிடிப்பதற்குக் கூட ஆளைப் பேசி வைத்திருந்தேன். வந்து பார்த்தால் உன் அம்மா அறை வாசலில் நின்று, சாப்பிட்டுக் கைகழுவி வந்தவர்களுக்கெல்லாம் புத்தகம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஆளுக்கு ஒன்னு எடுத்துக்கிட்டுப் போங்க. புள்ள யாருக்கும் இல்லேன்னு சொன்னதில்ல."

பஸ் கண்டக்டர் ஒன்று எடுத்தார். உன் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எடுத்தார்கள். வயலில் உன்னோடு நாற்று நட்ட பெண்கள் உறையைத் தடவிப் பார்த்து எடுத்தார்கள். நான் அம்மாவைத் தனியே கூப்பிட்டு, "இப்பிடிக் குடுத்தால் எல்லாம் சிதறிப் போயிடும் அம்மா. ஒரே இடத்தில வைக்கோணும். நான் கொண்டுபோய் வைக்கிறன்" என்றேன்.

அம்மா வாசலில் நின்ற பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார். "ஒரே எடத்துல வச்சா யாரும்மா படிப்பா?" என்றார்.

அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து பையிலேயே கிடந்த அந்தத் தொகுப்பை எடுத்தேன். "அம்மா, இது அவளின்ரை. நீங்கள் ரெண்டுபேரும் மழைக்குள்ளை தேடினது இதைத்தான். என்னட்டைத்தான் இருந்தது. பொய் சொன்னனான்."

அம்மா அதை வாங்கி முந்தானையால் துடைத்தார். புரட்டினார். பென்சில் கோடுகளை விரலால் தொட்டார். எழுத்துத் தெரியாவிட்டாலும் உன் கை என்று தெரிந்திருக்கும். அவர் ஏசுவார் என்று காத்து நின்றேன். அவர் புத்தகத்தை மூடி என் கையிலேயே திருப்பி வைத்தார்.

"அப்ப இதையே வச்சுக்கம்மா. ஆளுக்கு ஒன்னுதானே."

சொல்லிவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்கத் திரும்பிவிட்டார். மன்னித்தாரா, தண்டித்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அறை நிறைய இருந்த உன் புத்தகங்களில் என் பங்கு நான் களவெடுத்தது மட்டும்தான்.

ஆய்வைத் திருத்தி எழுதினேன். அந்த அத்தியாயத்தின் முதற்பக்கத்தில், இந்த அவதானிப்பு என்னுடையதல்ல என்று எழுதி உன் பெயரைப் போட்டேன். கருத்தரங்கில் நான் செய்ததையும் எழுதினேன். மேற்பார்வையாளர் கூப்பிட்டுக் கேட்டார்.

"இதை ஆரும் கேக்கப் போறதில்லை. ஏன் உம்மை நீரே கெடுத்துக்கொள்ளுறீர்?"

"எழுதாட்டில் என்னால இதை முடிக்க ஏலாது சேர்" என்றேன். சரி என்று விட்டார்.

போன மாதம் வாய்மொழித் தேர்வு. மூன்றுபேர் இருந்தார்கள். என் மற்ற நாலு அத்தியாயங்களையும் பத்து நிமிடத்தில் கடந்தார்கள். மிச்ச நேரம் முழுக்க உன்னைப் பற்றித்தான். இவர் யார்? எங்கே படித்தார்? இந்தக் கோணம் அவருக்கு எப்படி வந்தது? நான் இரண்டு வருடமாய்க் கண் எரிய எழுதிய பக்கங்கள் மேசையில் கிடக்க, அவர்கள் நீ ஓரத்தில் கிறுக்கிய ஒரு வரியை மாறிமாறி வாசித்தார்கள். அந்தக் கதிரையில் இருந்துகொண்டு, செத்துப்போன உன்மேல் எனக்கு மறுபடியும் பொறாமை வந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன்.

கடைசியில் அவர்களில் மூத்தவர் கேட்டார்: "அவர் வேறை என்ன எழுதியிருக்கிறார்? எங்கை எடுக்கலாம்?"

"ஒண்டும் எழுதேல்லை சேர்" என்றேன். "அவள் வாசிச்சவள்."

அவர் அதைத் தாளில் குறித்துக்கொண்டார். நான் தேறிவிட்டேன் என்றார்கள். வெளியே வந்து படியில் இருந்தேன். இனிமேல் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும், நீ இதில் எந்த இடத்தில் பென்சிலோடு நின்றிருப்பாய் என்று நான் தேடப் போகிறேன் என்பது அப்போது தெரிந்தது. பெரும்பாலும் என்னால் கண்டுபிடிக்க முடிவதில்லை. கோபம் வருகிறது. ஆனாலும் கடைசிப் பக்கம் வரைக்கும் வாசிக்கிறேன்.