சேணத்துக்கு எண்ணெய்க் குளியல்

அன்பு மாப்ளே ரபீக்,

நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் மகள் பாத்திமாவின் நிக்காஹ் முடிந்தது. நீ ஆசைப்பட்டபடியே மாப்பிள்ளைப் பையன் நம் குதிரை மல்லி மேல்தான் வந்தான். ஆனால் அதற்கு முன்னால் நான் அடித்த கூத்தை என் வாயாலேயே கேட்டுவிடு. வேறு யாராவது அங்கே வந்து சொன்னால் கண்ணு காது மூக்கு வைத்துச் சொல்வார்கள்.

குதிரை என் தோட்டத்தில், சேணம் ஆட்டையாம்பட்டியில் உன் கடையில் என்பதுதானே நம் முப்பது வருட ஏற்பாடு? லாரி சீட்டு தைத்த நேரம் போக மீதி நேரமெல்லாம் நீ சேணத்தைத்தான் கொஞ்சிக்கொண்டிருந்தாய். சவாரி முடிந்ததும் ஈரத்துணியால் வியர்வை உப்பைத் துடைப்பாய். நிழலில் காய வைப்பாய். தேன்மெழுகுப் பசையைச் சுண்டுவிரல் நுனியில் தொட்டுத் தடவுவாய். "பொண்டாட்டிக்குக்கூட நீ இப்படிப் பவுடர் பூசியிருக்க மாட்டியேடா" என்று நான் கேலி செய்தால், சிரித்துக்கொண்டே வாரில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பாய்.

கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது உன் மனைவி ஜன்னத் அந்தச் சேணத்தை என்னிடம் கொடுத்து அனுப்பினாள். எட்டு மாதம் யாரும் தொடாமல் தோல் வறண்டு, வாரை மடக்கினால் மொறமொறவென்றது. நீ இருந்தால் இப்படி விட்டிருப்பாயா?

யாரையாவது கேட்டிருக்கலாம். நான் கேட்கிற ஆளா? அன்றைக்குச் சனிக்கிழமை, நான் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள். நம் உடம்புக்கு நல்லது என்றால் தோலுக்கும் நல்லதுதானே என்று, என் தோட்டத்துக் கடலைக்காயைச் செக்கில் ஆட்டிய எண்ணெயில் ஒரு சொம்பு எடுத்து, சேணம், கடிவாளம், வயிற்றுவார் என்று ஒன்று விடாமல் தேய்த்துவிட்டேன். ஊறட்டும் என்று வெயிலில் வேறு வைத்தேன். சாயங்காலம் கடலைக்காய் மூட்டை அடுக்கியிருந்த அறையில் வைத்துப் பூட்டினேன்.

காலையில் திறந்தால் எலிகள் விருந்து முடித்துக் கை கழுவிவிட்டுப் போயிருந்தன. குதிரையின் வயிற்றைச் சுற்றிச் சேணத்தை இறுக்கிப் பிடிக்கிற வயிற்றுவாரில் பாதியைக் காணோம். அது இல்லாமல் ஏற்றினால், பள்ளிவாசல் போய்ச் சேர்வதற்குள் புதுமாப்பிள்ளை தரையில் கிடப்பான்.

இரண்டு நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஜன்னத் போனில் விசாரித்தபோது, "பளபளன்னு இருக்குதும்மா" என்றேன். அது பொய்யில்லை, எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. நீ விட்டுப்போனது அந்த ஒரே ஒரு ஆசை, அதையும் நான் கெடுத்துவிட்டேனே என்று சோறு இறங்கவில்லை மாப்ளே.

மூன்றாம் நாள் பாத்திமா வந்து நின்றாள். ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள் இப்போது. அவள் மூக்குக்குத் தப்ப முடியுமா?

"ஏனுங்க மாமா, சேணத்துல போண்டாக் கடை வாசம் வருது?"

நடந்ததை எல்லாம் சொன்னேன். அழுவாள் என்று பார்த்தால் கட்டிலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

"அத்தா பண்ணுனதுக்கு இது எவ்வளவோ தேவலைங்க மாமா. பக்ரீத்துக் கொழுப்பை உருக்கித் தடவி வெச்சு, ஏறுறப்பக் கால் வெக்கற கால்மிதி வாரை நாய் கவ்விட்டு ஓடிருச்சு. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு என்ற தலையில கை வெச்சுச் சத்தியம் வாங்கிட்டாங்க."

அடப்பாவி! திருச்செங்கோட்டு ஊர்வலக் கூட்டத்தில் எவனோ அறுத்துக்கொண்டு போய்விட்டான் என்றுதானே என்னிடம் சொன்னாய்? ஒரு வருடம் அந்த ஊர்க்காரர்களைத் திட்டித் தீர்த்தேனே, அந்தப் பாவத்தை எங்கே போய்க் கழுவுவேன்? ஆனாலும், நீயும் என்னிடம் ஒன்றை மறைத்தாய் என்று தெரிந்ததும் எனக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் வந்தது?

பாத்திமா, ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு மாவு வாங்கிவரச் சொன்னாள். எண்ணெய் பட்ட இடமெல்லாம் அப்பி ஒரு நாள் வைத்தாள். எண்ணெயைக் குடித்து மாவு மஞ்சளானதும் தட்டிவிட்டு மறுபடி அப்பினாள். மூன்று முறைக்குப் பின் தோல் பழைய நிறத்துக்கு வந்தது. இடப்பக்கம் மட்டும் கொஞ்சம் கறுப்பு நிற்கிறது, அதை நீ மன்னித்துத்தான் ஆகவேண்டும். பிறகு உன் மெஷினிலேயே இரட்டைத் தையல் போட்டுப் புது வயிற்றுவார் தைத்தாள். அதை உத்தரத்தில் கட்டி என்னைத் தொங்கச் சொன்னாள்.

"எண்பது கிலோ மாமாவையே தாங்குது. அவரு அறுபதுதானுங்க" என்று தலையாட்டினாள்.

கல்யாணத்தன்று மல்லிக்குச் சேணம் கட்டி மாப்பிள்ளையை ஏற்றிவிட்டு, கடிவாளத்தை அவர்கள் வீட்டுப் பையனிடம் கொடுத்துவிட்டு நான் ஓரமாக ஒதுங்கினேன். குதிரைக்காரன் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜன்னத் வந்தாள்.

"அண்ணா, ஏனுங்க அங்க போய் நிக்கறீங்க? எனக்குக் கூடப் பொறந்தவங்க யாருமில்லை. அவரு முப்பது வருசமா உங்களை மச்சான் மச்சான்னு கூப்பிட்டது சும்மாவுங்களா? பொண்ணுக்குத் தாய்மாமன் நீங்கதான் கடிவாளம் புடிச்சுக் கூட்டிட்டு வரோணும்."

நான் அழுதுவிட்டேன் மாப்ளே. ஒரு கையில் கடிவாளம், ஒரு கையில் துண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே பள்ளிவாசல் வரை நடந்தேன். மல்லி ஒரு முறைகூட முரண்டு பிடிக்கவில்லை. உன் மருமகன்தான் பயத்தில் சேணத்தை இறுக்கிப் பிடித்தபடி வந்தான்.

ஒன்று வாக்குக் கொடுக்கிறேன். இனி உன் வீட்டில் நல்லது கெட்டது எது நடந்தாலும் நான் ஓரமாக ஒதுங்க மாட்டேன். யாரும் வந்து கூப்பிடும் வரை காத்திருக்கவும் மாட்டேன், முன்னால் நிற்பேன்.

உன் மச்சான்,
பாத்திமாவின் தாய்மாமன்,
பழனிச்சாமி