கௌனாக்கின் முதல் மீன்

நவம்பர் 3, 2015

என் ஒரே தங்கை லீத்தியாவுக்கு,

அக்கா ஆலாசி எழுதுவது. இங்கே நாங்கள் நலம். உன் அத்தான் லூக்காசிக்கு முதுகுவலி விட்டது. மறுபடியும் கடல்நாய் வேட்டைக்குக் கிளம்பிவிட்டார். ஒட்டாவாவில் நீ எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டுத்தான் தொடங்க நினைத்தேன். ஆனால் எனக்குக் கோபம். தொலைபேசியில் பேசினால் கத்துவேன், கடைசியில் நானே அழுதும் தொலைப்பேன். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் உதவிக் குழுவின் பெட்டிகள் போன வாரம் விமானத்தில் வந்தன. நான் உன்னிடம் கேட்டது ஊர்க் குழந்தைகளுக்குப் பால்மாவு, டயப்பர், தேயிலை, ரொட்டி மாவு. வந்ததைச் சொல்கிறேன், கேள். நசுங்கிய சூப் டின்கள், எல்லாம் தேதி கடந்தவை. நீச்சல் உடை ஒன்று. கடல் உறைந்து கிடக்கிறது, இதைப் போட்டுக்கொண்டு நான் எங்கே குதிக்க? குதிகால் உயர்ந்த செருப்பு, அதுவும் ஒற்றை. பாதி தேய்ந்த சோப்பு, அதில் யாருடையதோ சுருட்டை முடி. அடியில் பழைய உள்ளாடைகள், சரியாகத் துவைக்கக்கூட இல்லை. சீ! பக்கத்து வீட்டு நாக்கி அத்தை அதை ஒரு குச்சியால் தூக்கிப் பார்த்து, "இது நமக்கு அனுப்புனதாடி, இல்ல குப்பைக்காரன் வழி தவறி வந்துட்டானா?" என்றாள்.

தப்பு எங்கள் மேலும் இருக்கிறது. கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லி நமக்குப் பழக்கமில்லை. போன முறையும் குப்பைதான் வந்தது, எல்லோருமாகச் சிரித்து நன்றி சொன்னோம். அதனால்தான் இந்த முறை இரண்டு மடங்கு.

போகட்டும். நல்ல செய்தி ஒன்று வைத்திருக்கிறேன். அம்மா தன் முதல் மீனைப் பிடித்துவிட்டாள்!

ஆறு வயதுப் பிள்ளையை அம்மா என்று கூப்பிடுகிறாயே என்று உன் தோழிகள் சிரிக்கிறார்கள் என்றாயே? அவர்களுக்குச் சொல்: நான் பெற்ற பிள்ளைதான், ஆனால் செத்துப்போன நம் அம்மாவின் பெயரை, கௌனாக் என்று, அவளுக்கு வைத்த நாளிலிருந்து அவள் நம் இருவருக்கும் அம்மா. அவள் என்னை மகளே என்று அதட்டுகிற அழகை நீ வந்து பார்க்க வேண்டும்.

ஏரி உறைந்ததும் லூக்காசி கூட்டிக்கொண்டு போனார். பனியில் போட்ட துளையிலிருந்து தன் கை நீளத்துக்கு ஒரு மீனை அவளே இழுத்துப் போட்டாள். முதல் மீனில் பிடித்தவர் வாயில் ஒரு துண்டுகூடப் படக்கூடாதே. பெரிய மனுஷி மாதிரி தட்டைத் தூக்கிக்கொண்டு வீடு நிறைய இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். அவள் பிறந்தபோது பிரசவம் பார்த்த நாக்கி அத்தைக்குக் கடைசித் துண்டு. அது போனதும் காலித் தட்டைப் பார்த்து ஓவென்று அழுதாள். ஆசையில் அழுகிறாள் என்றுதான் எல்லோரும் சிரித்தோம். கேட்டால், "தெக்கே இருக்கற என் மகளுக்கு ஒரு துண்டு எடுத்து வைக்க மறந்துட்டேனே!" என்கிறாள். லூக்காசி அதைப் போட்டோ எடுத்தார். நீ சிரிக்கட்டும் என்று அனுப்புகிறேன்.

உன் அக்கா,
ஆலாசி

*

நவம்பர் 26, 2015

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பாதி படிக்கும்போது வெட்கத்தில் காது சுட்டது. மீதி படிக்கும்போது அழுதேன். அம்மா எனக்காக அழுதாளா? இந்த ஊரில் நான் நாள் முழுக்க வாய் திறக்காமல் வேலைக்குப் போய் வந்தாலும் கேட்க ஆளில்லை அக்கா. அவளுக்கு நான் ஆயிரம் முத்தம் கொடுத்தேன் என்று சொல்.

பெட்டிகளைப் பற்றி எங்கள் குழுத் தலைவி பெவர்லியிடம் சொன்னேன். "குடுக்கறவங்க மனசு நோகக் கூடாது, லீத்தியா" என்றாள். நான் இந்தக் குழுவில் சேர்ந்ததே நம் ஊருக்கு எது தேவை என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்பதால்தான். ஆனால் என்னிடம் யாரும் கேட்பதில்லை. பெட்டியில் நாடா ஒட்டத்தான் கூப்பிடுகிறார்கள்.

அந்தப் போட்டோவைக் குழுவில் காட்டினேன். எல்லோரும் உருகிவிட்டார்கள். பெவர்லி ஒரு பிரதி வாங்கிக்கொண்டாள். இனிமேல் பெட்டி வந்ததும் ஒரு நன்றிக் கடிதம் எழுத வேண்டுமாம், கூடவே ஒரு படமும். உங்கள் குடும்பத்துக்குப் பயனாளி எண் 41 என்று போட்டிருக்கிறார்கள். என் மேல் எரிந்து விழாதே, நான் போடவில்லை.

கிறிஸ்துமஸுக்கு நிறையப் பால்மாவு வரும். இது என் வாக்கு.

உன் அன்புத் தங்கை,
லீத்தியா

*

ஜனவரி 9, 2016

லீத்தியா,

பால்மாவு வந்தது. உன் வாக்கைக் காப்பாற்றிவிட்டாய்.

விமானம் வந்தால் ஊரே ஓடுதளத்துக்குப் போகும் என்று உனக்குத் தெரியும். அன்றும் போனோம். கதவைத் திறந்து பெட்டிகளை இறக்க இறக்க, ஒவ்வொன்றின் மேலும் அம்மாவின் முகம். அழுகிற முகம், காலித் தட்டு. முப்பது பெட்டி இருக்கும். பிள்ளை முதலில் குதித்தாள். "அது நான்! என் மீனைப் பிடிச்ச அன்னிக்கு எடுத்தது!" என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்து இழுத்துக் காட்டினாள். பிறகு நாக்கி அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தின் கீழே இருந்ததைச் சத்தமாகப் படித்தாள். "கௌனாக், ஆறு வயது. மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. உங்களால் இவள் தட்டை நிரப்ப முடியும்."

யாரும் லூக்காசியைப் பார்க்கவில்லை. நம் ஊரில் பாதி வீட்டுக் கறி அவர் சுட்டுக்கொண்டு வந்தது. அவர் பிள்ளை பட்டினியாம். அவர் ஒரு பெட்டியைத் தூக்கிப் பனிவண்டியில் வைத்தார், இன்னொன்றைத் தூக்கினார், அப்படியே அத்தனையும் வைத்தார். வீட்டுக்கு வந்து வெந்நீரைத் தொட்டுத் தொட்டு அந்த முகங்களை உரித்தார். அட்டையோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை. பாதிக் கன்னம் வந்தது, பாதி நின்றது. அந்த அறையில் என்னால் உட்கார முடியவில்லை.

சாயங்காலம் ஊர் தன் வேலையைக் காட்டியது. ஒருவர் பின் ஒருவராக இறைச்சியோடு வந்தார்கள். "மூணு நாளா பட்டினியாமே, இந்தா, முதல்ல இந்த ஈரலைத் தின்னு." "லூக்காசி, துப்பாக்கி பிடிக்க மறந்துட்டியா, நான் கத்துத் தரட்டா?" அவருடைய வெட்கத்தைக் கேலியில் கரைக்கத்தான் வந்தார்கள். அவரும் சிரித்தார். ராத்திரி திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் பிள்ளை கேட்டாள்: "நான் மீனைக் குடுத்தேன்னு ஏன் எழுதலை?"

நானும் அதைத்தான் கேட்கிறேன். அந்தத் தட்டு ஏன் காலி என்று பெவர்லிக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். அவள் கொடுத்துக் கொடுத்துக் காலியான தட்டு அது. உனக்குப் பங்கு இல்லையே என்று அழுத அழுகை அது. அதைப் பிச்சைத் தட்டு ஆக்கிவிட்டீர்கள். அழுக்கு உள்ளாடையைக்கூடக் குச்சியால் தூக்கி எறிந்துவிட முடிந்தது. இதை எதைக் கொண்டு தூக்கி எறிவேன்? எனக்கு உங்கள் பால்மாவைப் பார்த்தாலே வாந்தி வருகிறது. ஆனால் நாக்கி அத்தையின் பேத்திக்கு அதைத்தான் கரைத்துக் கொடுக்கிறோம். அதை நினைத்தால் இன்னும் அருவருப்பு.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். எல்லாப் படங்களையும் எடுக்கச் சொல். அச்சடித்தது பொய் என்று அவர்களிடம் உன் வாயால் சொல். அதைச் செய்யாவிட்டால் அவள் உனக்கு அம்மா இல்லை, நீ அவளுக்கு மகள் இல்லை.

ஆலாசி

*

பிப்ரவரி 11, 2016

அக்கா, என் அக்கா,

உன் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன்.

மீன் கதையை நான் பெவர்லியிடம் சொன்னேன் அக்கா, சத்தியமாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். "ரொம்ப அழகா இருக்கு. ஆனா இதைக் கேட்டு யாரு பர்ஸைத் திறப்பா?" என்றாள். அச்சடிக்கும் முன் அந்த வரிகளை எனக்கும் காட்டினார்கள். நான் சும்மா இருந்தேன். அறை நிறைய அத்தனை பேர், எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் என்னைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கும் அருவருப்பாக இருக்கிறது. நான் ஏறுகிற பேருந்தின் பக்கவாட்டில் அம்மா அழுகிறாள். அதில் ஏறித்தான் வேலைக்குப் போகிறேன்.

ஆனால் நீயும் யோசித்துப் பார். அந்தப் படத்தால் ஐந்து ஊர்களுக்குப் பால்மாவு போகிறது. படத்தை எடுத்தால் நிற்கும். ஏப்ரல் வரைக்கும் விளம்பர ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள்; அதன்பின் தானாகவே எடுத்துவிடுவார்கள். இப்போது போய்ப் பொய் என்று சொன்னால், இனிமேல் வடக்கே யாருக்கும் ஒரு டின்கூடப் போகாது என்கிறாள் பெவர்லி. இரண்டு மாதம் பொறுத்துக்கொள்ளேன். அம்மா சின்னப் பிள்ளைதானே, மறந்துவிடுவாள்.

இங்கே எனக்கு வேறு யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். அவளிடம் ஒரு நிமிடம் கொடு. மகளே என்று அவள் ஒரு தடவை சொன்னால் போதும்.

உன் தங்கை,
லீத்தியா

*

மார்ச் 2, 2016

உதவிக் குழுவினருக்கு,

வணக்கம். தாங்கள் அனுப்பிய பெட்டிகள் வந்து சேர்ந்தன. பால்மாவும் டயப்பரும் கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. துணிகளைக் குப்பைமேட்டில் கொட்டிவிட்டோம். பெட்டிகளை எரித்துவிட்டோம். தாங்கள் கேட்ட படம் இணைக்கப்படவில்லை. இனி எங்கள் வீட்டிலிருந்து படம் வராது.

ஞாயிற்றுக்கிழமை தங்கள் குழுவிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். பிள்ளைதான் எடுத்தாள். நான் அவள் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டேன். யார் என்று கேட்டாள். பெட்டி அனுப்புகிறவர்கள் என்று சொன்னேன். சரி என்று சொல்லிவிட்டு வெளியே விளையாடப் போனாள்.

இப்படிக்கு,
பயனாளி எண் 41