பெரிய வீட்டுக்கு ஒட்டிய பொட்டுகள்

என் அன்புக்கும் அச்சத்துக்கும் உரிய மாமி,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊதா நிறக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிவது நான்தான். நீங்கள் மோட்சம் போன பிறகு உங்கள் மகள் சாந்தி உங்கள் உடுப்புகளையெல்லாம் மடித்து இல்லாதவர்களுக்குக் கொடுத்தாள். இதை மட்டும் நான் ஒளித்து வைத்தேன். பாசம் என்று நினைத்துவிடாதீர்கள், சூடு. பொத்தான் பெண்கள் பக்கம் இருப்பதால் ஒவ்வொரு தடவையும் கை தடுமாறுகிறது. பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெரு லா சப்பலில் மரக்கறிக் கடைக்காரன் "அண்ணை, நல்ல டிசைன்" என்றான். சிரிக்காமல் சொன்னான் என்பதுதான் கவலை.

அடுத்த புதினம். நீங்கள் படுத்த சோபாவில் இப்போது நான் படுக்கிறேன். உங்கள் பேத்தி தர்ஷி கைக்குழந்தையோடு எங்களிடம் திரும்பி வந்துவிட்டாள். மாப்பிள்ளையின் கதையை உங்களை நேரில் காணும்போது சொல்கிறேன். எழுதினால் ஊர் வாசிக்கும். இருக்கிற ஒரே படுக்கையறையில் அவளும் குழந்தையும் சாந்தியும். ஹோலில் நீங்கள் கட்டிய திரைச்சீலைக்குப் பின்னால் நான்.

ரெஸ்டோரன்டில் மத்தியான வேலை முடிந்து வந்து சாய்ந்தால், ஜன்னலுக்கு நேரே பாலத்தின் மேல் மெத்ரோ ரயில் போகிறது. அலுமாரியில் கண்ணாடிக் கிளாஸ்கள் மெல்ல நடுங்குகின்றன. சுவரில் வெளிச்சம் பெட்டி பெட்டியாக ஓடுகிறது. அந்த வெளிச்சத்தில் நானும் எங்கேயோ போகிறேன், டிக்கெட் இல்லாமல். அறைக்குள் தாயும் மகளும் குசுகுசுப்பது ஒரு சொல் தப்பாமல் கேட்கிறது. அப்படியென்றால் மாமி, இத்தனை வருடமும் அந்த அறைக்குள் நான் உங்களைப் பற்றிப் பேசியதெல்லாம்?

சரி, விடுங்கள்.

தர்ஷிக்கு ரயில் முடிகிற இடத்தில், தூரத்தில் ஒரு வாடகை வீடு தரலாம் என்று நகரசபையில் சொல்கிறார்கள். போனால் குழந்தையை நாங்கள் விருந்தாளிகள் மாதிரி ஞாயிறுகளில் போய்ப் பார்க்கலாம். சாந்தி சமைக்கும்போது அழுகிறாள். கேட்டால் வெங்காயம் என்கிறாள். வெங்காயமே போடாத கறிக்கு.

இந்த நேரத்தில்தான் அந்தக் கூட்டம் வந்தது. ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்துப் பக்கம் தண்டவாளத்தை ஒட்டி ஒரு பழைய களஞ்சியம் நின்றதே, அதை இடித்துவிட்டார்கள். குறைந்த வாடகை வீடுகள் கட்டவென்று அரசாங்கம் நகரசபைக்குக் காசு கொடுத்திருக்கிறது. அந்தக் காசில் அங்கே என்ன கட்டலாம் என்று நகரசபை எங்களையே கேட்டது. தனி ஆட்களுக்குச் சின்ன அறைகளா, நாலு அறைக் குடும்ப வீடுகளா, கூரையில் தோட்டமா? பெரிய வீடுகள் வந்தால் நாங்கள் எல்லோரும் ஒன்றாக விண்ணப்பிக்கலாம். என்னிடம் கருத்துக் கேட்ட முதல் ஆள் பிரெஞ்சு அரசாங்கம்தான், மாமி. வீட்டில் யாரும் கேட்டதில்லை.

பள்ளிக்கூடச் சாப்பாட்டு மண்டபத்தில் கூட்டம். முன் வரிசையில், ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மெல்லிய குரலில் ஒரு இளம்பெண் விளக்கம் சொல்லத் தொடங்கினாள். ஹீட்டர், உங்கள் சட்டை, அந்தக் குரல். மூன்றும் சேர்ந்து என்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டன.

அந்தக் கட்டடத்தைக் கண்டேன். சுவர்கள் எங்கள் திரைச்சீலைத் துணியால் ஆனவை. காற்றுக்கு உப்பின, அமிழ்ந்தன. ஆனால் கதவுகள் மட்டும் நிசமான மரம். நீங்கள் மாடி மாடியாகப் போய் ஒவ்வொரு கதவையும் திறந்து, உள்ளே போய்ச் சாத்தி, வெளியே வந்து, அடுத்ததைத் திறந்தீர்கள். மெத்ரோ குசினிக்குள் வந்து, நீங்கள் தேத்தண்ணி குடித்து முடிக்கும் வரை நின்றது. ஒருவரும் அவசரப்படவில்லை. பாரிஸில் மெத்ரோ காத்து நின்றது என்றால் அது கனவு என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

விலாவில் ஒரு இடி. கோயில் பூசை முடிந்து சாந்தியும் அவளுடைய கூட்டாளிப் பெண்களும் வந்திருந்தார்கள்.

"என்னப்பா, என்ன சொன்னவை?"

நித்திரை என்று சொல்ல முடியுமா? சுவரில் பெரிய பலகை, அதில் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு படம், படங்களின் கீழே ஆட்கள் வட்ட ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மீதியை ஊகித்தேன். "விருப்பமானதுக்குக் கீழ ஒட்டட்டாம். கூட ஒட்டினது வெல்லுமாம்."

மேசையில் பச்சை ஸ்டிக்கர் முடிந்திருந்தது. சிவப்பு கொஞ்சம் கிடந்தது. வட்டம் வட்டந்தானே? எங்கள் பெண்கள் நாலு அறை வீட்டுக்குக் கீழே அதை ஒட்டி முடித்தார்கள். இன்னும் போதவில்லை. சட்டைப் பைக்குள் கையை விட்டேன். உங்கள் ஒட்டுப்பொட்டு மட்டை!

மாமா போன பிறகு பொட்டு எதற்கு என்று கேட்ட உறவுக்காரரிடம் "அவர் வாறதுக்கு முந்தியும் வச்சனான்தானே?" என்றீர்களே, அந்தப் பொட்டு. கடும் சிவப்பு. அதைக் கண்டதும் மற்றப் பெண்களின் கைப்பைகளும் திறந்தன. சாந்தி நெற்றியில் இருந்ததையே எடுத்து ஒட்டினாள். பலகை குங்குமம் கொட்டியது போல் சிவந்தது. உங்கள் மட்டையில் கடைசியாக இருந்ததை, படத்து வீட்டின் கதவிலேயே ஒட்டினேன். கொஞ்சம் கண் கலங்கியது. ஹீட்டர் சூடாக இருக்கும்.

அப்போதுதான் புதுச்சேரி அந்துவான் ஐயா, தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பலகைக்கு முன்னால் வந்து நின்றார்.

"என்னா மிசியே, உங்க ஜனங்களுக்குப் பெரிய வீடே வேணாமா?"

"ஏன் ஐயா?"

"பச்சைன்னா வேணும், சிவப்புன்னா வேணாம். அந்தப் பொண்ணு மொதல்லயே சொல்லிச்சே. நீங்க முன்னாடிதானே குந்தியிருந்தீங்க?"

சாந்தி என்னைப் பார்த்தாள். அது உங்களுடைய பார்வை, மாமி. பரம்பரைச் சொத்து.

"நித்திரை கொண்டனீங்களோ?"

"கண்ணை மூடி யோசிச்சனான்."

"வாயைத் திறந்துகொண்டோ?"

அந்த நகரசபைப் பெண்ணிடம் ஓடினேன். என்னுடைய பிரெஞ்சு குசினிப் பிரெஞ்சு. சட்டி பானை பற்றி எதுவும் பேசுவேன். பலகையிலிருந்து ஒரு பொட்டைப் பிய்த்து என் நெற்றியில் ஒட்டிக்கொண்டு, "மதாம், இது 'வேண்டாம்' இல்லை. இதுதான் எங்கள் 'ஓம்', எங்கள் 'வேணும்'" என்றேன். ஊதாச் சட்டையும் சிவப்புப் பொட்டுமாக நின்ற என்னை அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். பலகையைப் படம் எடுத்து ஏற்கெனவே மேலிடத்துக்கு அனுப்பியாகிவிட்டதாம். ஆனால் முடிவாகவில்லை, அடுத்த மாதம் இன்னொரு கூட்டம், வந்து வாயால் சொல்லுங்கள் என்றாள். விஷயத்தைக் கேட்ட தர்ஷி "ஸே பா விரே, பப்பா!", இது உண்மையாயிருக்காது அப்பா, என்று தலையில் கை வைத்தாள். குழந்தை மட்டும் என் நெற்றிப் பொட்டைப் பிடுங்கப் பார்த்துச் சிரித்தது. அது தூரத்துக்குப் போகக் கூடாது, மாமி.

ஆகவே உங்களுக்கு வாக்குத் தருகிறேன். அடுத்த கூட்டத்துக்கு உங்கள் சட்டை இல்லாமல், குளிரக் குளிரப் போவேன். உட்காரமாட்டேன். ஒரு மனுஷி இந்த நகரத்தில் இருந்த காலமெல்லாம் ஒரு திரைச்சீலைக்குப் பின்னால் படுத்தா, சாத்திக்கொள்ள அவவுக்கு ஒரு கதவு கிடைக்கவில்லை, எங்கள் குடும்பங்களுக்குக் கதவுள்ள அறைகள் கட்டுங்கள் என்று சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மருமகன், உங்கள் சோபாவின் வாரிசு.

பி.கு.: ஒன்றை மட்டும் அங்கே சொல்லமாட்டேன். பாரிஸுக்கு வெளியே ஓல்னே-சூ-புவாவில் உங்கள் மகன் கதவோடு ஒரு அறை தந்தார். மூன்றாம் நாளே பையும் கையுமாக எங்கள் வாசலில் வந்து நின்றீர்கள். "கதவைச் சாத்தினா ஒருத்தரின்ர சத்தமும் கேக்குதில்லை, தம்பி" என்று சொல்லிவிட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தீர்கள்.